வீடு ஒரு சட்ட உரிமையா? நோட்டீஸோடு நின்றுவிடும் நீதி

வீடு இடிக்கப்பட்ட ஒருவர் நம் நாட்டில் நீதிமன்றத்துக்குப் போனால், "எனக்கு முறையாக நோட்டீஸ் தரவில்லை" என்று வாதாடலாம். "என் தரப்பைக் கேட்கவில்லை" என்று வாதாடலாம். நீதிபதிகள் காது கொடுப்பார்கள். சில வழக்குகளில் இழப்பீடும் வாங்கித் தருவார்கள். ஆனால், "எனக்கும் என் பிள்ளைகளுக்கும் குடியிருக்க ஓர் இடம் வேண்டும், அதற்கு வழி செய்வது அரசின் சட்டக் கடமை" என்று வழக்குப் போட அவருக்கென்று ஒரு சட்டம் கிடையாது. கிராமப்புற வேலைக்கு 2005இல் சட்டம் வந்தது. கல்விக்கு 2009இல் வந்தது. உணவுக்கு 2013இல் வந்தது. வீட்டுக்குத் திட்டங்கள்தான் வந்துகொண்டிருக்கின்றன.

திட்டத்துக்கும் சட்ட உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை ரேஷன் கடையை வைத்தே புரிந்துகொள்ளலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தகுதியுள்ள குடும்பத்துக்குத் தானியம் கிடைக்காமல் போனால், அதற்கு ஈடாக மாநில அரசிடமிருந்து உணவுப் பாதுகாப்புப் படி பெறும் உரிமை அக்குடும்பத்துக்கு உண்டு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் பெயர் விடுபட்டால் அப்படி எதுவும் கேட்க முடியாது; அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதிலும், பயனாளியே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவில் மானியம் பெற மனை சொந்தமாக இருக்க வேண்டும். மனையே இல்லாதவர்தானே வீட்டுக்கு மிகவும் தவிப்பவர்? அவரை அந்த நிபந்தனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இந்தியா கையொப்பமிட்டது என்ன?

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆம் பிரிவு, உணவு, உடை, மருத்துவத்தோடு வீட்டையும் சேர்த்தே சொல்கிறது. அது பிரகடனம் மட்டுமே, நாடுகளைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது 1966இல் உருவான பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை. அதன் 11ஆம் பிரிவில் போதுமான வீட்டு வசதி இடம்பெற்றிருக்கிறது. இந்தியா 1979 ஏப்ரலில் அதில் இணைந்தது. 1993இல் நாடாளுமன்றம் இயற்றிய மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் மனித உரிமை என்பதற்கு விளக்கம் தரும்போது இந்த உடன்படிக்கையைக் குறிப்பிடுகிறது. ஆனால் "இந்திய நீதிமன்றங்களால் செயல்படுத்தக்கூடியவை" என்ற பொருளில் ஒரு நிபந்தனையையும் சேர்த்து வைத்திருக்கிறது. முடிச்சு அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

"போதுமான" வீடு என்றால் என்ன என்பதை அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1991இல் தெளிவுபடுத்தியது. தண்ணீர், கழிப்பிடம், மின்சாரம் போன்ற வசதிகள் இருக்க வேண்டும். வாடகையோ தவணையோ மற்ற அத்தியாவசியச் செலவுகளை விழுங்கிவிடக் கூடாது. மழைக்கும் வெயிலுக்கும் நோய்க்கும் தாங்க வேண்டும். முதியோரும் உடல் ஊனமுற்றோரும் புழங்க இயல வேண்டும். அங்கு வாழும் மக்களின் பண்பாட்டுக்கு ஒத்துவர வேண்டும். வேலை, பள்ளி, மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முதலாவதாக அக்குழு வைத்தது குடியிருப்பின் பாதுகாப்பு: பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாடகைக்கு இருந்தாலும், புறம்போக்கில் இருந்தாலும், திடீரென்று வெளியேற்றப்பட மாட்டோம் என்ற சட்டப் பாதுகாப்பு. வலுக்கட்டாய வெளியேற்றத்தைப் பற்றி மட்டும் 1997இல் தனியாக ஒரு விளக்கம் வெளியிட்டது. வெளியேற்றத்தால் யாரும் வீடற்றவராகிவிடக் கூடாது என்பது அதன் சாரம்.

எல்லோருக்கும் அரசு இலவசமாக வீடு கட்டித்தர வேண்டும் என்று இதற்குப் பொருளா என்று சிலர் கேட்பதுண்டு. அப்படி எந்த உடன்படிக்கையும் சொல்லவில்லை. இருக்கிற வீட்டை அரசு பறிக்கக் கூடாது; மற்றவர் பறிக்கும்போது அரசு தடுக்க வேண்டும்; தன் முயற்சியால் வீடு பெற இயலாதவருக்கு, கையில் உள்ள வளத்துக்கு ஏற்ப படிப்படியாக வழி செய்ய வேண்டும். முதல் இரண்டுக்கும் பெரிதாகப் பணம் தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சேலத்திலிருந்து போனவரின் வழக்கு

இந்திய அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகளில் வீடு என்ற சொல் இல்லை. உயிர் வாழும் உரிமையைத் தரும் 21ஆம் பிரிவுக்குள் அதைக் கொண்டுவந்து சேர்த்தது உச்ச நீதிமன்றம். அதற்கு அடித்தளம் போட்டது ஓல்கா டெல்லிஸ் வழக்கு. ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர். ஆனால் அந்தத் தீர்ப்பில் வரும் மனுதாரர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது.

சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலி அவர். பஞ்சத்தில் வேலையிழந்து 1961இல் பம்பாய் போனார். தஹிசரில் ஒரு ரசாயன நிறுவனத்தில் தினக்கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்ட ஒரு மறைப்புக்காக உள்ளூர் தாதா ஒருவர் அவரிடமிருந்து 2,500 ரூபாய் பறித்துக்கொண்டார். மனைவி, மூன்று பெண் பிள்ளைகளோடு அவர் அங்கே வாழ்ந்தார். 1981 ஜூலையில் நடைபாதைவாசிகளை எல்லாம் அகற்றி அவரவர் ஊருக்கு அனுப்பப்போவதாக மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார். பத்தே நாளில் அந்தக் குடிசை தரைமட்டமானது. குடும்பம் சேலத்துக்குப் பேருந்து ஏற்றப்பட்டது. மனைவியையும் பிள்ளைகளையும் சேலத்தில் விட்டுவிட்டு, வேலை தேடி மீண்டும் பம்பாய் நடைபாதைக்கே அவர் திரும்பினார். பிழைப்பு அங்கேதான் இருந்தது.

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம். இருப்பிடத்தைப் பறித்தால் பிழைப்பும் போய்விடும். எனவே 21ஆம் பிரிவு இதற்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்றுவரை மேற்கோள் காட்டப்படுவது இந்தப் பகுதிதான். தீர்ப்பின் முடிவை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. முறையான நோட்டீஸ் தந்து நடைபாதையிலிருந்து அகற்றுவது செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மழைக்காலம் முடியட்டும் என்று அக்டோபர் 31 வரை அவகாசம் மட்டும் கிடைத்தது. 1976க்கு முன்பே இருந்து கணக்கெடுப்பு அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தருவதாக அரசு அளித்த வாக்குறுதி பதிவானது. மற்றவர்களுக்கு மாற்று இடம் முன்நிபந்தனை ஆக்கப்படவில்லை. சென்னைக் குடிசைவாசிகளுக்காக கே. சந்துரு தொடுத்திருந்த வழக்கும் அதே நாளில்தான் தீர்ப்பானது.

பின்வந்த தீர்ப்புகளும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் சென்றன. சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தங்குமிட உரிமை என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமல்ல, போதிய இடம், காற்று, வெளிச்சம், தண்ணீர், சுகாதாரம், சாலை எல்லாம் சேர்ந்தது என்று விரிவாகச் சொன்னது. ஐ.நா. குழுவின் விளக்கத்துக்கு மிக நெருக்கமான சொற்கள். 2000இல் அல்மித்ரா படேல் வழக்கிலோ, பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு இலவச மாற்றிடம் தருவதை ஜேப்படிக்காரனுக்குப் பரிசு தருவதோடு ஒப்பிட்டது அதே நீதிமன்றம். சட்டம் இல்லாத இடத்தில் உரிமை, எந்த அமர்வின் முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

புல்டோசர் தீர்ப்பு தந்ததும் தராததும்

2022 ஏப்ரலில் டெல்லி ஜஹாங்கீர்புரியில் இடிப்பு நடந்தபோது ஜம்இய்யத் உலமாயே ஹிந்த் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகும் சிறிது நேரம் புல்டோசர்கள் நிற்கவில்லை. பல மாநிலங்களில் ஒரு குற்றச் சம்பவம் நடந்த மறுநாளே, குற்றம் சாட்டப்பட்டவரின் வீடு "அனுமதியற்ற கட்டடம்" ஆகிவிடும் வழக்கம் வேரூன்றியிருந்தது. இடிபட்டவற்றில் முஸ்லிம்களின் வீடுகள் எவ்வளவு என்று வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு நாடு முழுவதற்கும் பொருந்தும் கட்டளைகளைப் பிறப்பித்தது. ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது என்பதற்காக வீட்டை இடிப்பதும், அதனால் குற்றமறியாத குடும்பத்தினரைத் தெருவில் நிறுத்துவதும் சாசனத்துக்கு எதிரானது என்று தெளிவாகச் சொன்னது. நடைமுறையில் அது விதித்தவை முக்கியமானவை. இடிப்புக்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும். உள்ளூர்ச் சட்டம் கூடுதல் நாள் தந்தால் அதுவே பொருந்தும். நோட்டீஸ் பதிவுத் தபாலில் வர வேண்டும், கட்டடத்திலும் ஒட்டப்பட வேண்டும். அனுப்பியவுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும். பழைய தேதியிட்டு நோட்டீஸ் தயாரிக்கும் தந்திரத்துக்கு இது முற்றுப்புள்ளி. என்ன விதிமீறல், எந்த ஆவணங்களோடு யார் முன் ஆஜராக வேண்டும் என்பதெல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். நேரில் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். அபராதம் கட்டி முறைப்படுத்த முடியாதா, இடிப்பைத் தவிர வேறு வழியே இல்லையா என்பதற்கு உத்தரவில் காரணம் எழுத வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் 15 நாள் இடிக்கக் கூடாது. இடிப்பை வீடியோ எடுக்க வேண்டும். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. அதோடு அதிகாரி தன் சொந்தச் செலவில் இழப்பைச் சரிசெய்ய வேண்டும்.

2025 ஏப்ரல் 1 அன்று பிரயாக்ராஜ் வழக்கில் இன்னொரு அமர்வு கடுமையான சொற்களைப் பயன்படுத்தியது. 2021இல் நோட்டீஸ் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. உரிமையாளர்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று நகர வளர்ச்சி ஆணையத்துக்கு உத்தரவிடப்பட்டது.

இவை பெரிய ஆறுதல்தான். ஆனாலும் 2024 தீர்ப்பில் இரண்டு விதிவிலக்குகள் இருக்கின்றன. நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்ட கட்டடங்களுக்கு இக்கட்டளைகள் பொருந்தாது. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கும் பொருந்தாது. மிக ஏழையான மக்கள் குடியிருப்பது அந்த இடங்களில்தானே? சேலத்திலிருந்து போன தொழிலாளி இன்று இருந்தால், அவருடைய குடிசை இந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் இருக்கும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: நோட்டீஸ் தருவது, விசாரிப்பது, முடிவெடுப்பது, இடிப்பது எல்லாம் இன்னமும் ஒரே நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன. காகிதம் எல்லாம் சரியாக இருந்தால் வீடு போகலாம். அதற்குப் பிறகு குடும்பம் எங்கே போகும் என்று யாரும் கேட்கக் கடமைப்படவில்லை.

தென்னாப்பிரிக்கா செய்தது

அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று எழுதி வைத்த நாடு தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி லட்சக்கணக்கான மக்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து துரத்தியது. அந்த வடுவோடு எழுதப்பட்ட 1996 சாசனத்தின் 26ஆம் பிரிவு, போதுமான வீட்டை அடையும் உரிமை அனைவருக்கும் உண்டு என்கிறது. எல்லாச் சூழ்நிலைகளையும் பரிசீலித்து நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இல்லாமல் எவரையும் வீட்டிலிருந்து வெளியேற்றவோ, வீட்டை இடிக்கவோ கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அங்கே நகராட்சி முதலில் நீதிபதியிடம் போக வேண்டும். இங்கே இடிபட்டவர்தான் ஓட வேண்டியிருக்கிறது.

2000 அக்டோபரில் வந்த குரூட்பூம் தீர்ப்பு உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. கேப்டவுன் அருகே ஆக்கிரமித்திருந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டு, ஒரு விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் விரிப்புகளின் கீழ் ஒண்டியிருந்த 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் தொடுத்த வழக்கு அது. பெரிய வீட்டுத் திட்டம் இருந்தும், உடனடியாகத் தலைசாய்க்க இடமில்லாதவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. எனவே திட்டமே நியாயமானதல்ல என்று அரசியல் சாசன நீதிமன்றம் அறிவித்தது. அதன் விளைவாக அவசரகால வீட்டு உதவி அரசின் விதிமுறைகளில் சேர்ந்தது. 2011இல் இன்னொரு வழக்கில், தனியார் உரிமையாளர் வெளியேற்றினாலும்கூட, போக்கிடமில்லாதவர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் தருவது ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சியின் பொறுப்பு என்று தீர்ப்பானது.

அந்நாட்டைச் சொர்க்கம் போல் காட்டுவது நியாயமாகாது. வழக்குக்குத் தன் பெயரைத் தந்த ஐரீன் குரூட்பூம், தீர்ப்புக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2008இல் இறந்தபோதும் குடிசையில்தான் இருந்தார். தீர்ப்பு அரசின் கொள்கையைத் திருத்தியது. அவருக்கு ஒரு வீட்டை, ஒரு தேதியோடு உத்தரவிடவில்லை. பிரான்ஸ் 2007இல் இயற்றிய சட்டம் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது. அவசரத் தேவையுள்ளவர் என்று ஒரு குழு ஏற்றுக்கொண்டவருக்கு உரிய காலத்தில் வீடு கிடைக்காவிட்டால் அவர் அரசின் மீதே வழக்குப் போடலாம். தாமதத்துக்கு அரசு அபராதம் கட்ட வேண்டும். பாரிஸ் பகுதியில் காத்திருப்போர் வரிசை இன்னமும் நீளம்தான். ஆனால் அங்கே காத்திருப்பவர் கையில் ஒரு சட்ட ஆவணம் இருக்கிறது.

வாடகைக்குக் கிடைக்காத வீடு

புல்டோசர் வராத ஊரிலும் வீட்டுரிமை பறிபோவதுண்டு. "பெயர் என்ன?" என்று கேட்டபிறகு "வீடு ஏற்கெனவே முடிந்துவிட்டது" என்று சொல்லும் அனுபவம் நகரங்களில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 2006இல் சச்சார் குழு அறிக்கை, தாங்கள் விரும்பிய பகுதியில் வீடு வாங்கவோ வாடகைக்குப் பெறவோ முடியவில்லை என்ற முஸ்லிம்களின் குறையைப் பதிவு செய்தது. இதற்குச் சட்டம் என்ன செய்கிறது? சாசனத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்று தனியாரையும் சேர்த்தே சொல்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்ற விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தங்களுக்குள் சேர்ந்து வாழும் உரிமை என்று அதைப் பார்க்கலாம்; அதே சாவியைக் கொண்டு பெரும்பான்மையினரின் குடியிருப்புகளும் கதவைப் பூட்ட முடியும். குஜராத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி "பதற்றப் பகுதி" என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் சொத்தை விற்க ஆட்சியரின் அனுமதி வேண்டும். மிரட்டி விற்க வைப்பதைத் தடுக்க வந்த சட்டம், இரு சமூகத்தார் அண்டை வீட்டாராவதைத் தடுக்கும் வேலியாகிப் போனது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்குகிறது. குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது (எத்தனை வீட்டு உரிமையாளர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்). மதத்தையோ சாதியையோ காட்டி வாடகைக்கு மறுப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

தூங்கும் ஒரு தமிழ்நாட்டுச் சட்டம்

நம் மாநிலத்தில் 1971இலேயே குடிசைப் பகுதிகள் சட்டம் வந்துவிட்டது. குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிய அதிகாரியின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற வழக்குத் தொடுக்க முடியாது என்பது அதன் 29ஆம் பிரிவு. நல்ல பாதுகாப்புதான். சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதன் பின் பல பத்தாண்டுகள் புதிதாக ஒரு பகுதியும் சேர்க்கப்படவில்லை. அறிவிக்கப்படாத குடிசைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதில் இருப்பவர் வெறும் "ஆக்கிரமிப்பாளர்".

2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் பெரும்பாக்கத்துக்கும் அதைச் சுற்றிய அடுக்குமாடிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். கூரை கிடைத்தது, கான்கிரீட் சுவர் கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கும் சந்தையில் சுமை தூக்கியவர்களுக்கும் வேலை இருந்த இடம் பல மைல் தொலைவாகிவிட்டது. ஐ.நா. குழு இருப்பிடத்தின் தொலைவையும் வீட்டின் தகுதியில் சேர்த்தது இதற்காகத்தான்.

வேறு வழி உண்டு என்பதை ஒடிசா காட்டியிருக்கிறது. 2017இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், நகரக் குடிசைவாசிகளில் நிலமற்றவர்களுக்கு அவர்கள் இருக்கும் நிலத்தின் மீதே உரிமை தருகிறது. அதை வாரிசுகளுக்கு விடலாம், வீட்டுக் கடனுக்கு அடமானம் வைக்கலாம்; விற்க முடியாது. பாதுகாப்பான இடங்களில் உள்ளவர்களுக்கு அங்கேயே உரிமை, ஆபத்தான இடங்களில் உள்ளவர்களுக்கு மாற்றிடம் என்ற முறையும் அதில் இருக்கிறது.

வீட்டுரிமைச் சட்டம் ஒன்று வருமானால், நான் அதில் முதலில் தேடுவது புதிய வீடுகளின் எண்ணிக்கையை அல்ல. குடியிருக்கும் வீட்டை இடிக்கும் முன் நீதிமன்ற உத்தரவு கட்டாயமா? பொது நிலமானாலும், மாற்றிடம் கையில் தந்த பிறகுதான் வெளியேற்றமா? மனையில்லாதவரும் விண்ணப்பிக்கலாமா, மறுத்தால் மேல்முறையீடு எங்கே? பெயரைக் கேட்டு வாடகைக்கு மறுப்பவரின் மீது புகார் செய்ய ஓர் அலுவலகம் உண்டா? 2012இல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை ஏறத்தாழ 1.88 கோடி என்று மதிப்பிட்டது. அதில் ஐந்தில் நான்கு பங்கு, வீடே இல்லாததால் அல்ல, ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழ்வதால் வந்த பற்றாக்குறை. அதே காலத்தில், 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நகரங்களில் 1.1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. செங்கல்லும் சிமென்ட்டும் மட்டும் தீர்க்கும் பிரச்சினை இல்லை இது.

சட்டம் வரும் வரை கையில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டும். வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, குடும்ப அட்டை, பழைய வாடகை ஒப்பந்தம், கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றின் நகல்களை வீட்டுக்கு வெளியே, உறவினரிடமோ மஹல்லா ஜமாஅத் அலுவலகத்திலோ ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது. இடிபாட்டுக்குள் ஆவணம் தேட முடியாது. நோட்டீஸ் வந்தால் உறையோடு சேர்த்து வையுங்கள். தபால் முத்திரைத் தேதிதான் 15 நாள் கணக்குக்குச் சாட்சி. கதவில் ஒட்டியிருந்தால் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போனதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. எனவே வீடு மனைவி அல்லது தாயார் பெயரில் இருந்தால் விண்ணப்பத்தை அவர்கள் பெயரிலேயே கொடுக்கலாம்.